கோம்பை நாயும் கத்திரி வெயிலும்

சித்திரை 21-இல் கத்திரி பிறந்து வைகாசி 14-இல் கழியும் என்பது நம் பஞ்சாங்கக் கணக்கு. சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நிற்கும் காலம் அது. கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி என்பதால் அக்னி நட்சத்திரம் என்கிறோம். ஐரோப்பாவில் கடும் கோடைக்கு ‘நாய் நாட்கள்’ என்று பெயர். பழைய ரோமானியர் வைத்த பெயர். வானத்து வேட்டைக்காரனுக்குப் பின்னால் ஓடும் நாய் என்று அவர்கள் கருதிய நட்சத்திரக் கூட்டத்தில் சிரியஸ் என்ற பெரிய நட்சத்திரம் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் அது சூரியனோடு சேர்ந்து உதிப்பதால்தான் வெயில் கூடுகிறது, நாய்களுக்கும் வெறி பிடிக்கிறது என்று நம்பினார்கள். நமக்கு வெயில் என்றால் நெருப்பு நினைவுக்கு வருகிறது. அவர்களுக்கு நாய் நினைவுக்கு வந்திருக்கிறது.

நான் 1978 முதல் 2012 வரை கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்தவன். முதலில் மதுரை மாவட்டம் என்றும் பிறகு தேனி மாவட்டம் என்றும் பெயர் மாறியதே தவிர, நான் சுற்றியது பெரும்பாலும் நம் கம்பம் பள்ளத்தாக்கில்தான். சின்னமனூர், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், இராயப்பன்பட்டி, ஓடைப்பட்டி, சுருளிப்பட்டி என்று சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் போய் வந்தேன். மாடும் ஆடும் கோழியும்தான் எங்கள் உத்தியோகத்தின் பெரும்பகுதி. நாய்க்கு ஊசி என்றால் கடிநாய்க்குத்தான் என்று இருந்த காலம். ஆனாலும் நாய்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். நாயும் வெயிலும் நம் பக்கத்தில் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன, அந்த ஏற்பாடு எங்கே குலைந்தது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் நாயின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தின் அடியில் மட்டும்தான். அது ஒன்றுக்கும் போதாது. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதுதான் அதற்கு வழி. வாயிலும் நாக்கிலும் மூக்கிலும் உள்ள ஈரம் காற்றில் ஆவியாகும்போது உள்ளே ஓடும் ரத்தம் குளிர்கிறது. நம் வீட்டு மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். 106-ஐத் தாண்டினால் குடல், ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட ஆரம்பித்துவிடும்.

இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்து மருத்துவர் சார்லஸ் பிளாக்டன். லண்டனில் ஓர் அறையை 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடேற்றி, நண்பர்களோடு அதற்குள் போய் நின்று பார்த்தவர். 1775-இல் அவர் வெளியிட்ட குறிப்பில் ஒரு நாயும் வருகிறது. 32 பவுண்டு எடையுள்ள பெட்டை நாய். தரைச் சூட்டில் பாதம் வெந்துவிடக் கூடாது என்று அதை ஒரு கூடையில் வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் அது இளைக்க ஆரம்பித்தது. கிட்டத்தட்ட அரை மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது கூடையின் அடி முழுக்க எச்சிலால் நனைந்திருந்தது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்த அறையில் விட்டதும் துள்ளி ஓடியது. அதே சூட்டில் முட்டை வெந்தது, இறைச்சி வெந்தது, நாய் வேகவில்லை. அறையின் காற்று வறண்டிருந்ததும் நாயிடம் எச்சில் இருந்ததும்தான் காரணம். இன்றைக்கு யாரும் செய்யக் கூடாத சோதனைதான். ஆனால் அதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. காற்று வறண்டிருந்து, நாயின் உடம்பில் தண்ணீரும் இருந்தால் அது பெரிய சூட்டையும் தாங்கும். காற்றில் ஈரம் நிறைந்துவிட்டால் எவ்வளவு இளைத்தாலும் எச்சில் ஆவியாகாது, சூடு இறங்காது.

நம் பள்ளத்தாக்குக்கு இது முக்கியம். ஆண்டிபட்டிப் பக்கம் வறண்ட வெயில். கம்பம், கூடலூர்ப் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்வெளி. 1895-இல் பென்னிகுவிக் கட்டிய அணை திறந்த பிறகு இருபோகம் விளைந்த பூமி. இங்கே கோடை மழை ஒன்று பெய்து மறுநாள் வெயில் அடித்தால் புழுக்கம் தாங்காது. தெர்மாமீட்டரில் டிகிரி குறைவாகத்தான் காட்டும். நாய்க்கு அன்றுதான் ஆபத்து. ஆண்டிபட்டியில் 104 டிகிரியைத் தாங்கிய நாய் கூடலூரில் 97 டிகிரியில் சுருண்டு விழலாம்.

இனி கோம்பைக்கு வருகிறேன். மலைகள் சூழ்ந்த உள்ளடங்கிய இடத்தைக் கோம்பை என்பது நம் பக்கத்து வழக்கு. புலிமான்கோம்பை, கோம்பைத்தொழு என்று நம் மாவட்டத்தில் பல ஊர்ப்பெயர்கள் அப்படி. உத்தமபாளையத்துக்கு மேற்கே இராமக்கல்மெட்டின் அடியில் இருக்கும் கோம்பை, நாயக்கர் காலத்துப் பாளையங்களில் ஒன்று. அந்த ஊரின் பெயரில்தான் கோம்பை நாய். செவலை உடம்பு, கருமூஞ்சி, ஒட்டிய முடி, அகன்ற நெஞ்சு. காட்டுப்பன்றியையும் மிளாவையும் மடக்கப் பழக்கிய நாய். தெற்கே இன்னும் போனால் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி. இவை நெடுங்கால், ஒடுங்கிய வயிறு, நீண்ட மூஞ்சி உடைய ஓட்ட நாய்கள். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் தங்கள் வேட்டைக் குறிப்புகளில் ‘பாலிகார் நாய்’ என்று எழுதியது நம் பாளையக்காரர்களின் நாயைத்தான். உடம்பில் முடி மிகக் குறைந்த நாய் என்று அதை வர்ணித்திருக்கிறார்கள். பனிநாட்டிலிருந்து வந்தவர்கள் கண்ணுக்கு முதலில் பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

இந்த உடம்பெல்லாம் வெயிலுக்கு வாகாக அமைந்தவை என்பது உண்மை. ஒட்டிய முடியில் சூடு தங்காது. நீண்ட மூஞ்சிக்குள் ஈரப்பரப்பு அதிகம். ஆனால் உடம்பு மட்டும் காப்பாற்றிவிடவில்லை. கோம்பையில் எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருந்தார். அவர் அப்பா காலத்தில் வீட்டில் ஆறேழு வேட்டை நாய்கள் இருந்தனவாம். ஒருநாள் அவரிடம், “கோடையில நாய்களுக்கு என்ன செய்வீங்கய்யா?” என்று கேட்டேன். சிரித்தார். “நாம என்ன செய்யறது தம்பி? நிழலை நாம காட்ட வேண்டாம், அதுவே கண்டுபிடிச்சுக்கும். கழுத்துல கயிறு இல்லாம இருந்தாப் போதும்” என்றார்.

பிறகு அவரே விவரமாகச் சொன்னார். வேட்டைக்குப் போவது கருக்கலில். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். வரும் வழியில் ஓடையில் நாய்கள் படுத்துப் புரண்டுவிட்டுத்தான் வரும். உச்சி வேளையில் எந்த நாயையும் எழுப்ப மாட்டார்கள். அது மாட்டுத் தொழுவத்திலோ, குதிருக்கு அடியிலோ, வாய்க்கால் ஓரத்தில் தானே பறித்த குழியிலோ கிடக்கும். மேல்மண்ணைப் பறித்துவிட்டு அடிமண்ணில் வயிற்றை ஒட்டிப் படுப்பது நாய்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்த வித்தை கிடையாது. கோம்பைக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேற்கே மலை சுவர் மாதிரி நிற்பதால் அங்கே சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். சமவெளியில் வெயில் அடிக்கும்போதே ஊர் மேல் மலையின் நிழல் விழுந்துவிடும். நாய் எழுந்து சோம்பல் முறிக்கும் நேரம் அது. ராத்திரி காவல் அப்போதுதான் தொடங்கும்.

கிடை போடும் கீதாரிகளின் நாய்களும் இப்படித்தான். ராத்திரி முழுக்கக் கிடையைச் சுற்றிவரும். பகலில் ஆடு மேயும்போது மர நிழலுக்கு மர நிழல் தாவும். வண்டி மாட்டுக்காரர்களின் நாயை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சந்தைக்குப் போகும் வண்டிக்கு அடியில், அச்சுக்கு நேர் கீழே, வண்டியின் நிழலோடு நிழலாக நடந்துவரும். வண்டி நின்றால் படுக்கும், நகர்ந்தால் எழும். சக்கரத்தில் அடிபட்டு ஒரு நாயும் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தண்ணீருக்குப் பாதையோரத்தில் கல்தொட்டி இருந்தது. மாட்டுக்காக வைத்தது என்றாலும் ஆடும் நாயும் காக்கையும் குடிக்கும். இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டிவைத்த இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதையும், இருவருக்கும் உதவும்படி வழிகளில் கிணறு வெட்டி மரம் நட்டதையும் சொல்கிறார். தன் ஆட்சிக்கு வெளியே உள்ள அண்டை நாடுகளாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரரை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். வழியில் நிழலும் தண்ணீரும் விலங்குக்கும் சேர்த்துத்தான் என்ற எண்ணம் அவ்வளவு பழசு. அந்தக் கல்வெட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத நம் ஊர்க்காரர்களும் தொட்டியைக் கட்டி வைத்தார்கள்.

வெளிநாட்டு நாய்கள் இந்த மண்ணுக்கு வந்த கதை வேறு. 1615-இல் இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரிடம் வந்தார். அவரோடு இருந்த பாதிரியார் எட்வர்ட் டெர்ரி ஒரு விவரம் எழுதி வைத்திருக்கிறார். பேரரசருக்குப் பரிசாக இங்கிலாந்திலிருந்து மாஸ்டிஃப் என்ற பெரிய நாய்களைக் கப்பலில் ஏற்றினார்கள். பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போயின; உயிரோடு வந்து சேர்ந்தவை 2 மட்டுமே. ஜஹாங்கீருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒவ்வொரு நாய்க்கும் 4 பேரை வேலைக்கு வைத்தார். 2 பேர் பல்லக்கில் வைத்துத் தூக்கிவர, மற்ற 2 பேர் பக்கத்தில் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டு வந்தார்கள். தன் கையால் ஊட்டுவதற்கு வெள்ளியில் ஓர் இடுக்கியும் செய்துகொண்டாராம். படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் ஊர் மாறி வந்த நாயை இந்த நாட்டில் உயிரோடு வைத்திருக்க என்ன செலவாகும் என்பதற்கு இது ஒரு கணக்கு: ஒரு நாய்க்கு நான்கு ஆள்.

பின்னால் வந்த கம்பெனித் துரைமார்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். நாயைப் பார்த்துக்கொள்வதற்கென்றே வீட்டில் ‘டாக்-பாய்’ என்று ஒரு பையனை வைத்தார்கள். காலையிலும் மாலையிலும் நடத்திக் கூட்டிப்போவதும், குளிப்பாட்டுவதும், உண்ணி பொறுக்குவதும் அவன் வேலை. துரை படுக்கும் பங்காவுக்குக் கீழேதான் நாயும் படுக்கும். கோடை வந்தால் துரைசானியோடு நாயும் மலையேறும். நரி வேட்டைக்கென்று இங்கிலாந்திலிருந்து வரவழைத்த நாய்க்கூட்டங்கள் சமவெளியில் தாக்குப்பிடிக்க முடியாமல் ஊட்டி மலையில்தான் நிலைத்தன. 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஊட்டி வேட்டைக் குழு அந்த வகை. நம் பக்கம் கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டியில் வந்து, அங்கிருந்து டோலியில் ஏறிய காலம் ஒன்று உண்டு. வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் பயணம் செய்வார்கள். அந்தப் பாதையில் எத்தனை செல்ல நாய்கள் ஏறிப்போயினவோ.

ஊர் நாய்களுக்கு இந்தச் சலுகை ஒன்றும் கிடையாது. அவற்றுக்கு வெயிலைவிட வெயிலால் வந்த சந்தேகம்தான் எமன். கோடையில் நாய்க்கு வெறி பிடிக்கும் என்ற ரோமானிய நம்பிக்கை நம் ஊரிலும் இருந்தது. வெயில் தாக்கிய நாய்க்கு வாயில் நுரை வரும், கண் சிவக்கும், கால் பின்னும், கூப்பிட்டால் அடையாளம் தெரியாது. வெறி பிடித்த நாயும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நான் பள்ளியில் படித்தபோது உத்தமபாளையம் கடைவீதியில் ஒரு மத்தியானம் “வெறிநாய்! வெறிநாய்!” என்று கூச்சல். தள்ளாடி வந்த ஒரு கறுப்பு நாயை நாலைந்து பேர் கம்போடு சுற்றி வளைத்தார்கள். அது வெறியா, வெறும் தாகமா என்று அன்றைக்குச் சொல்ல யாரும் இல்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடித்தவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அவர்களுடைய பயம் உண்மையானது. வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. 1907-இல் குன்னூரில் பாஸ்டியர் நிலையம் தொடங்குவதற்கு முன்பு தென்னாட்டில் கடிபட்டவர்களுக்குப் போக்கிடமே இல்லை. 1902-இல் லில்லி பாக்கன்ஹாம்-வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி வெறிநாய்க்கடியால் இறந்த பிறகுதான் அந்த நிலையத்துக்கே வழி பிறந்தது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெறிநோய் கிருமியால் வருவது, வெயிலால் வராது. கார்த்திகையிலும் வரும், மார்கழியிலும் வரும். ஆனால் தெருவில் நுரை தள்ளி நிற்கும் அறியாத நாயைத் தொடக் கூடாது. தூரத்தில் நின்று தண்ணீர் வையுங்கள், கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நம் பக்கத்தில் இந்த ஏற்பாடு எப்போது குலைந்தது? என் கணக்கில் 1972-இல் தொடங்குகிறது. அந்த வருடம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேண்டிய சட்டம்தான், அது இல்லையென்றால் மேகமலையில் இன்று மிளா இருக்காது. ஆனால் வேட்டை நின்றதும் வேட்டை நாய்க்கு வேலை போயிற்று. காட்டுக்கும் வீட்டுக்குமாக ஓடிய கோம்பை நாய், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காவல் நாயாக மாறியது. காவல் நாய் அக்கம்பக்கத்தாரைக் கடித்துவிடக் கூடாதே என்று கழுத்தில் சங்கிலி ஏறியது. அதே காலத்தில் வீடுகளும் மாறின. நாட்டு ஓடும் சாணி மெழுகிய மண்தரையும் போய் சிமெண்டு தரை, மொட்டை மாடி, தகரக் கொட்டகை வந்தன. வாய்க்கால் பாசனம் போய்ச் சொட்டுநீர்க் குழாய் வந்தது. விவசாயத்துக்கு நல்லதுதான். நாய் குழி பறிக்கத் தேடும் ஈர மண் மட்டும் இல்லாமல் போயிற்று. கல்தொட்டிகளைச் சாலை அகலப்படுத்தும்போது எடுத்தார்கள், திருப்பி வைக்கவில்லை.

1980-களில் டவுன் வீடுகளில் பொமரேனியன் வந்தது. ‘சடைநாய்’ என்போம். அடுத்து அல்சேஷன், டாபர்மேன். ஏலக்காய்க்கும் திராட்சைக்கும் நல்ல விலை கிடைத்த வருடங்களில் லாப்ரடார், பக், கடைசியாகப் பனிநாட்டு ஹஸ்கி வரை வந்துவிட்டது. என் ஓய்வுக்குப் பிறகு கம்பத்தில் ஒரு வீட்டில் நடந்ததை அவர்களே எனக்குச் சொன்னார்கள். சித்திரை மாதம், முந்தின நாள் மழை பெய்திருக்கிறது. வீட்டுப் பையன் காலை 9 மணிக்கு ஸ்கூட்டருக்குப் பின்னால் ஹஸ்கியை ஓடவிட்டுக் கூட்டிப் போயிருக்கிறான். அரை மணியில் அது தள்ளாடி விழுந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீரைத் தலையில் தெளித்து, காரில் போட்டுக்கொண்டு தேனிக்கு விரைந்திருக்கிறார்கள். போய்ச் சேரும்போது உயிர் இல்லை. பிள்ளை மாதிரி வளர்த்தவர்கள்; பாசத்தில் ஒரு குறையும் இல்லை.

அதற்காக, சீமை நாய் என்றால் சாகும், நாட்டு நாய் என்றால் பிழைக்கும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அதற்கு முன்பு ஒரு வருடம் சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அசல் செவலைக் கோம்பை ஒன்று மொட்டை மாடியில் செத்துக் கிடந்ததை நானே பார்த்தேன். காலையில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கட்டிவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். 11 மணிக்கு நிழல் நகர்ந்துவிட்டது. சங்கிலி நகரவில்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. சங்கிலி எட்டிய தூரத்துக்கு வட்டமாக நகத்தால் சிமெண்டைப் பிராண்டிய கோடுகள் இருந்தன. குழி பறிக்கப் பார்த்திருக்கிறது. கோம்பைப் பெரியவர் சொன்ன வார்த்தை அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. வெயிலைச் சமாளிக்கும் வித்தை நாயிடம் இருக்கிறது. கட்டிப்போட்டால் அந்த வித்தையைப் பறித்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக நிழலையும் தண்ணீரையும் நேரம் பார்த்துத் தர வேண்டியது கட்டினவர் கடமை ஆகிவிடுகிறது.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் நம் துறையே நாட்டு நாய்க் குட்டிகளை வளர்த்து விற்ற காலம் ஒன்று உண்டு. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை 4 இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் இராஜபாளையம் இடம்பெற்றது, கோம்பைக்கு இடமில்லை. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையையும் பெயர் சொன்னார். 2024-இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்து, நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத அயல் இனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. ஹஸ்கி, மலமூட், செயின்ட் பெர்னார்ட் போன்ற பனிநாட்டு நாய்களும் பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூஞ்சி நாய்களும் அதில் இருந்தன. வளர்ப்பவர்கள் மத்தியில் பலத்த எதிர்ப்பும் எழுந்தது. சட்டம் எப்படிப் போனாலும் பட்டியலின் காரணம் நியாயமானது. சப்பை மூஞ்சிக்குள் ஈரப்பரப்பே கொஞ்சம்தான். அது எப்படி இளைத்துக் குளிரும்?

பிரிட்டனில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. குளிர் நாடாயிற்றே, அங்கே என்ன வெப்பத்தாக்கு என்று நினைப்போம். அங்கேயும் இருக்கிறது. வெப்பத்தாக்குக்குச் சிகிச்சைக்கு வந்தவற்றில் ஏழில் ஒன்று இறந்திருக்கிறது. சௌ சௌ, புல்டாக் வகைகளுக்கு ஆபத்து மிக அதிகம். நாலில் மூன்று பங்கு, நாயை ஓடவைத்ததாலும் நடக்கவைத்ததாலும் வந்தவை. பூட்டிய காரில் விட்டதால் வந்தவை அதைவிட மிகக் குறைவு. கம்பத்து ஹஸ்கியும் வெயிலில் ஓடித்தான் விழுந்தது.

இனி, செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். பேரன் பேத்திகள் வீட்டில் நாய் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

நடத்திக் கூட்டிப் போவதானால் விடியுமுன் அல்லது வெயில் தாழ்ந்து தரை ஆறிய பிறகு. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். மழை பெய்த மறுநாள் புழுக்கமாக இருந்தால் ஓட்டமே வேண்டாம். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மரத்தடியில், மண்தரையில், நிழல் நகர்ந்தால் அதுவும் நகரும்படி நீளமான கயிற்றில் கட்டுங்கள். தகரக் கொட்டகையும் மொட்டை மாடியும் கூடவே கூடாது. தண்ணீரைக் கவிழாத கனமான மண்தொட்டியில், இரண்டு இடத்தில் வையுங்கள். திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பந்தலுக்கு அடியில் நிழல் அருமையாக இருக்கும், ஆனால் மயில்துத்தம் கலந்த தொட்டியில் நாய் வாய் வைத்துவிடும். நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருந்தால் அதைத் தேடிப் போகாது. மத்தியானத்தில் வாய்க்கட்டு போடாதீர்கள். வாயைக் கட்டினால் அதன் விசிறியையே கட்டிவிட்ட மாதிரி. சடைநாய்க்கு முடியை ஒட்ட வழிக்கவும் வேண்டாம், சிக்கெடுத்து வாரிவிட்டாலே காற்றுப் போகும். கிழட்டு நாயும் கொழுத்த நாயும் முதலில் விழும். அவற்றை உச்சிவேளையில் வீட்டுக்குள் விடுங்கள், அசிங்கம் பார்க்க வேண்டாம்.

மீறி விழுந்துவிட்டால், வண்டி தேடி ஓடுவதற்கு முன் அங்கேயே தண்ணீரை ஊற்றுங்கள். தலையில் தெளித்தால் போதாது. கழுத்து, நெஞ்சு, வயிறு, தொடையிடுக்கு எல்லாம் நனைய, குழாயைத் திறந்துவிட்டு ஊற்றி, விசிறுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். சாக்குக்குள் சூடு தங்கிவிடும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். சூடு கொஞ்சம் இறங்கி மூச்சு நிதானப்பட்டதும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். எழுந்து நின்றுவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். உள்ளுறுப்புச் சேதம் ஒருநாள் கழித்துத் தெரிவதும் உண்டு.

ஜஹாங்கீர் ஒரு நாய்க்கு நான்கு ஆள் வைத்தார். நம்மால் அது ஆகாது, தேவையும் இல்லை. உச்சிவேளையில் ஒரு தடவை எழுந்து போய், நிழல் எங்கே இருக்கிறது, சட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற ஒரே ஓர் ஆள் வீட்டில் இருந்தால் போதும். ஓய்வு பெற்றவர்கள் நமக்கு அந்த நேரத்தில் வேறு வேலையும் இல்லை.